கிழக்கால மூலையில கிடக்கிற தண்ணிப் போத்தல்

வாசகர் கேள்வி – பதில்: சிறுபிள்ளை வளர்ப்பு

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் இடம், திசை, தூரம் பற்றியவற்றை எடுத்திருக்கிறோம்.

*

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் நாலரை வயதுப் பையன் ஒருவன். “வலக்கையைத் தூக்குங்கோ” என்றால் முழிக்கிறான். “தண்ணிப் போத்தல் எங்கை?” என்று கேட்டால், திரும்பிப் பாராமலே “கிழக்கால மூலையில கிடக்கு, ரீச்சர்” என்கிறான். கலைவிழாவுக்கு அபிநயப் பாட்டு ஒன்று பழக்கினோம். கரும்பலகையைப் பார்த்து நின்று பழகியபோது சரியாகச் செய்தான். மேடையில் மறுபக்கம் திரும்பி நின்றதும், எல்லாரும் ஒரு கையை நீட்ட இவன் மற்றக் கையை நீட்டினான். தகப்பன் வயல் செய்பவர். பிள்ளைக்கு ஏதும் குறைபாடு இருக்குமோ?
– முன்பள்ளி ஆசிரியை, மாங்குளம்

பதில்: குறைபாடு இல்லை, ரீச்சர். உங்கள் வகுப்பில் திசை நன்றாகப் பிடிபட்ட பிள்ளை அவன். மற்றப் பிள்ளைகள் அசைவைத் தங்கள் உடம்போடு சேர்த்து மனதில் வைத்தார்கள்: முதலில் இந்தக் கை, பிறகு அந்தக் கை. அவன் அதே அசைவை நிலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறான்: முதலில் முல்லைத்தீவு றோட்டுப் பக்கம், பிறகு மல்லாவி றோட்டுப் பக்கம். உடம்பு திரும்பினாலும் றோட்டு திரும்பாதுதானே. அதனால்தான் மேடையில் கை மாறியது.

உங்கள் கலைவிழாவில் தற்செயலாக நடந்ததை டானியல் ஹவுன், கிறிஸ்ரியன் ரபோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். ஜேர்மன் பிள்ளைகளுக்கும் நமீபியாவின் ஹாய்ஓம் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கையை இரு பக்கமும் அசைக்கிற ஒரு சின்ன ஆட்டத்தைப் பழக்கி, பிறகு அவர்களைத் திருப்பி நிற்பாட்டினார்கள். ஜேர்மன் பிள்ளைகள் தங்கள் வலம் இடத்தை மாற்றவில்லை. ஹாய்ஓம் பிள்ளைகளில் பெரும்பாலோர் திசையை மாற்றவில்லை; அதற்காக வலம் இடத்தை மாற்றினார்கள். இந்த வேறுபாடு அந்தந்தச் சமூகம் பேசுகிற பேச்சோடு ஒத்துப்போகிறது. அவுஸ்திரேலியாவின் வடகுவீன்ஸ்லாந்தில் குகு இமிதிர் என்ற பழங்குடி மொழி பேசுவோர் “உன் வடக்குக் காலில் எறும்பு” என்ற முறையில்தான் உடம்பையே சொல்வார்கள். தமிழிலும் இது உண்டு. 1990களில் தமிழ்நாட்டில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தபோது, மேசைமேல் இருக்கிற சின்னப் பொருளுக்குக்கூட ஊர்ப்புறத்தவர் கிழக்கு, மேற்கு என்று சொல்வதையும் நகரத்தவர் வலம், இடம் என்று சொல்வதையும் கண்டார்.

உங்கள் மாணவனின் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று ஊகிக்கலாம். “தெற்கு மூலையில மண்வெட்டி சாத்தியிருக்கு, எடுத்துக்கொண்டு வா.” “வடக்கை தலை வைச்சுப் படுக்காதை.” விளக்கு எந்தப் பக்கம் பார்த்து எரிய வேண்டும், பொங்கல் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்பதெல்லாம் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். குளத்தடி ஊர்களில் இன்னொரு அளவும் சேர்கிறது. கட்டுக்கு மேலே தண்ணீர், கட்டுக்குக் கீழே வயல், துலுசால் வந்த தண்ணீர் வாய்க்காலில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது கீழ்ப்பக்கம். பாலித் தீவுப் பிள்ளைகள் “மலைப்பக்கம், கடல்பக்கம்” என்று வீட்டுக்குள் இருக்கிற பொருளையும் சொல்வது போன்ற முறைதான் இது. அங்கே வலம், இடம் சரியாக வருமுன்பே இந்தச் சொற்கள் பிள்ளைகளின் வாயில் வந்துவிடுகின்றன.

இனி வகுப்புக்கு. பாட்டை மேடையில் எந்தப் பக்கம் பார்த்து ஆடப் போகிறார்களோ, முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கம் பார்த்து நிற்க வைத்துப் பழக்குங்கள். நீங்கள் பிள்ளைகளுக்கு எதிரே நிற்காமல், முதுகு காட்டி அவர்களோடு ஒரே பக்கம் பார்த்து நில்லுங்கள். எதிரே நின்று “வலக்கை” என்று சொல்லி உங்கள் வலக்கையைத் தூக்கினால், கண் ஒரு கையைக் காட்டும், காது மற்றக் கையைச் சொல்லும். நாலரை வயதுப் பிள்ளை கண்ணைத்தான் நம்பும். வலம், இடம் பழக்க எல்லாப் பிள்ளைகளின் வலது மணிக்கட்டிலும் ஒரு சிவப்பு நூல் கட்டி, இரண்டு வாரம் “நூல் கட்டின கை, வலக்கை” என்று இரண்டு பெயரும் சேர்த்துச் சொல்லுங்கள்; பிறகு நூலை எடுங்கள். “சோறு தின்னுற கை” என்று சொல்லிப் பழக்க வேண்டாம், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை குழம்பும். தன் வலம் இடம் பொதுவாக 6, 7 வயதில்தான் உறுதியாகும். எதிரே நிற்பவரின் வலம் இடம் அதற்கும் பிந்தித்தான் வரும்.

அவனுடைய திசையறிவை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். மாங்குளத்தில் இது லேசு: வவுனியா றோட்டு தெற்கு, கிளிநொச்சி றோட்டு வடக்கு, முல்லைத்தீவு றோட்டு கிழக்கு, மல்லாவி றோட்டு மேற்கு. நாலு சுவரிலும் நாலு படம் ஒட்டி, “பாயை வவுனியாச் சுவர்ப் பக்கம் இழுங்கோ” என்று சொல்லுங்கள். சூரியனை மட்டும் வைத்துக் கிழக்கைக் காட்டாதீர்கள். மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து 23 பாகைக்கு மேல் தெற்கே தள்ளி உதிக்கும். ஆனியில் அதேயளவு வடக்கே தள்ளும். மத்தியான நிழலையும் நம்ப முடியாது. சித்திரைப் புத்தாண்டையொட்டி உச்சியில் நிழல் காலடிக்குள் வந்துவிடும், அதிலிருந்து ஆவணி வரை தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். அசையாத ஒன்றைக் காட்டுங்கள்: கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, பெரிய பாலை மரம்.

வீட்டுக்குள்ளேயே அடிக்கடி வழி தவறுவது, சாமான்களில் இடித்துக்கொள்வது, “உள்ளே, மேலே, கீழே” என்ற சொற்களே விளங்காமல் இருப்பது ஆகியவை தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மூன்று வயது மகள் அம்மம்மாவைப் போல “உது, உங்கை, உந்தப் பக்கம்” என்று கதைக்கிறாள். சில நேரம் தன் கையில் இருப்பதையே “உது” என்கிறாள். “இது, அது” இரண்டும் போதும், உகரம் பிள்ளையைக் குழப்பும் என்று கொழும்பில் இருக்கிற மச்சாள் சொல்கிறா. நிற்பாட்டவோ?
– தாய், கிளிநொச்சி

பதில்: நிற்பாட்டவே வேண்டாம். அம்மம்மா கொடுக்கிற சீதனங்களில் இதுவும் ஒன்று. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று இலக்கணம் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. நம்மிடம் உயிரோடு இருக்கிறது. “இது” என்பது என் பக்கத்தில். “அது” என்பது இருவருக்கும் எட்ட. “உது” என்பது உன் பக்கத்தில். அந்த மூன்றாவது சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், கேட்பவர் எங்கே இருக்கிறார், அவருக்கு எது கிட்ட என்று பிள்ளை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இடத்தை இன்னொருவர் இருக்கிற இடத்திலிருந்து பார்ப்பதுதான் சின்ன வயதில் மிகக் கடினமான வேலை. வீட்டுப் பேச்சு அதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்யவைக்கிறது.

தன் கையில் இருப்பதை “உது” என்பது, நீங்கள் அதை “உது” என்று சொன்னதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வதால் வருவது. “நான்”, “நீ” மாறிப் போவதும் இப்படித்தான். “பிழை” என்று வெட்டாமல் சரியான சொல்லை வைத்துப் பதில் சொல்லுங்கள்: “ஓம், உது உன்ரை கோப்பை. இது என்ரை கோப்பை.”

விளையாட்டாகவும் செய்யலாம். இருவரும் எதிரெதிரே சம்மணம் கட்டி இருங்கள், இடையில் ஒரு பாய் அகலம். ஒரேமாதிரியான மூன்று சிரட்டைகள்: ஒன்று உங்கள் முழங்காலோடு, ஒன்று பிள்ளையின் முழங்காலோடு, ஒன்று வாசற்படியில். ஒரு சிரட்டைக்குக் கீழே ஒரு துண்டு பனங்கட்டி. “உந்தச் சிரட்டையைத் தூக்கு” என்று மட்டும் சொல்லுங்கள். நாலைந்து தரம் சரியாக வந்ததும் பிள்ளையைச் சொல்லச் சொல்லி நீங்கள் தூக்குங்கள். பிறகு இடம் மாறி இருங்கள். சிரட்டைகளை அசைக்கக் கூடாது. கொஞ்சம் முன்பு “இது” என்றிருந்த சிரட்டை இப்போது “உது” ஆகியிருக்கும். பிள்ளை தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவசரப்படுத்தாமல் விடுங்கள். விரலாலும் கண்ணாலும் காட்டக் கூடாது. காட்டினால் பிள்ளை சொல்லைக் கேட்காது, விரலைத்தான் பார்க்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசும்போது “உங்கை குளிரோ? இங்கை நல்ல வெய்யில்” என்று அம்மம்மா கேட்பதும் இதே பாடம். ரொறன்ரோ எவ்வளவு தூரமானாலும், கேட்கிற பிள்ளை அங்கே இருக்கிறபடியால் அது “உங்கை”தான்.

*

கேள்வி: 8 மாதப் பிள்ளைக்கு வோக்கர் வாங்கலாமா? கெதியாக நடக்கும் என்கிறார்கள்.
– தகப்பன், தருமபுரம்

பதில்: வாங்காதீர்கள். நடை முந்தாது, பிந்தவும் கூடும். படியிலும் அடுப்படியிலும் விபத்து வரும். கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடைசெய்தது. இடத்தைப் பிள்ளை முதன்முதலில் அளப்பது தவழ்ந்துதான். முழங்கால் தரையில் படவேண்டும், கை எட்டவேண்டும், தான் போன வழியைத் திரும்பிப் பார்க்கவேண்டும். கூட்டித் துடைத்த விறாந்தையில் ஒரு பாயை விரித்து, எட்டாத தூரத்தில் ஒரு மூடியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எழும்பிப் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு பழைய மர நடைவண்டி கொடுக்கலாம், சமதரையில் மட்டும்.

*

கேள்வி: கட்டைகள், பசில் எல்லாம் வாங்க எங்களுக்கு வசதியில்லை. மகனுக்கு மூன்றரை வயது. போனில் இருக்கிற பசில் போதுமா? சும்மா வீட்டில் என்ன செய்யலாம்?
– தகப்பன், மல்லாவி

பதில்: காசு வேண்டாம், வாய் வேண்டும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 52 பிள்ளைகளை 14 மாதத்திலிருந்து 46 மாதம் வரை வீட்டில் வைத்தே ஒளிப்பதிவு செய்து, பெற்றோர் சொன்ன இடச் சொற்களை எண்ணினார்கள்: உயரம், வளைவு, விளிம்பு, மூலை போன்றவை. 2011இல் வெளிவந்த கணக்கில், ஒரு வீட்டில் அத்தனை பதிவிலும் சேர்த்து 5 சொல், இன்னொரு வீட்டில் 525 சொல். அதிகம் கேட்ட பிள்ளைகள் தாங்களும் அதிகம் சொன்னார்கள். நாலரை வயதில், உருவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிற வேலையிலும் அவர்கள் முந்தினார்கள். சொல்லைக் கேட்டதோடு நிற்காமல் தாங்களே சொன்னதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

நம் வீடுகளில் சொல்லுக்குப் பஞ்சமா? குறுக்காலை, நெடுக்காலை, ஓரம், நடு, நுனி, அடி, மல்லாக்க, குப்புற, தலைகீழ், சரிவு. வினைகளைப் பாருங்கள்: செருகு, கோர், திணி, கவிழ், நிமிர்த்து, அடுக்கு, சாத்து. ஆங்கிலத்தில் உள்ளே, மேலே என்று பிரிப்பதைக் கொரிய மொழி இறுக்கமாகப் பொருந்துகிறதா, தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிறது. பேனைக்கு மூடி போடுவதும் உறைக்குள் கசற் போடுவதும் அங்கே ஒரே வினை. 2 வயதளவிலேயே பிள்ளை தன் மொழி பிரிக்கிறபடி பிரிக்கப் பழகிவிடுகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் “போடு”, “வை” என்று சொல்லாதீர்கள். அகப்பையைச் செருகு, சட்டியைக் கவிழ், சுளகைச் சுவரில் சாத்து.

மூன்றரை வயதுக்கு: அளவு வேறான 5 சட்டியும் 5 மூடியும் கலந்து கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கட்டும். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் அகலம், பானையின் வாயில் எப்படி இருத்துவது என்று கேளுங்கள்; அடுப்பு எரியாத நேரத்தில். புளியங்கொட்டை போன்ற சின்னச் சாமான் 3 வயதுக்குக் கீழுள்ள தம்பி, தங்கைக்கு எட்டக் கூடாது.

பசில் நீங்களே செய்யலாம். பழைய கலண்டர்ப் படத்தை மட்டையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் 4 துண்டாக வெட்டுங்கள். லேசாகிவிட்டால் அடுத்ததை 6 துண்டாக்குங்கள். வெட்டு உருவத்துக்கு நடுவால் போகவேண்டும், மாட்டின் கொம்பு ஒரு துண்டில், மூஞ்சி இன்னொன்றில் என்று. நீல வானம் நிறைந்த படம் உதவாது, எல்லாத் துண்டும் ஒரேமாதிரி இருந்தால் பிள்ளை சலித்துவிடும். வெட்டுமுன் சுற்றிவர ஒரு தடித்த கோடு கீறினால் ஓரத்துண்டு எது என்று தெரியும். “அதை அங்கை வை” என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் சேராது. “துண்டை மற்றப் பக்கம் திருப்பு, கால் கீழ வரவேணும்” என்று சொல்லுங்கள். போனில் ஒரு தட்டில் துண்டு தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. கை திருப்பிப் பழகுவதில்லை.

*

கேள்வி: தரம் 1 படிக்கிற மகள் “கெ” எழுதும்போது ககரத்தை எழுதிவிட்டுப் பின்னால் கொம்பு போடுகிறாள். ‘ட’வும் 3உம் கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கம் திரும்பி வருகின்றன. அடித்துத் திருத்தச் சொல்கிறார்கள்.
– தாய், நெடுங்கேணி

பதில்: அடிக்காதீர்கள். அவளுடைய கண் இதுவரை சரியென்று பழகியதைத்தான் செய்கிறது. மாடு இந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அதே மாடுதான். கோப்பையின் பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கோப்பை. உலகத்தில் எழுத்து ஒன்றுதான் பக்கம் மாறினால் பிழையாகிறது. இந்தப் புது விதி பிடிபட 7 வயது வரை செல்லலாம்.

கொம்பு வேறு விஷயம். வாய் “க்” என்று தொடங்கி “எ” என்று முடிக்க, கை மட்டும் கொம்பை முதலில் எழுதவேண்டும். காது சொல்கிற ஒழுங்கும் கண் பார்க்கிற ஒழுங்கும் ஒன்றுக்கொன்று எதிர். அதோடு நாம் “கொம்பு முன்னுக்கு வரும்” என்கிறோம். மாட்டுக்கு முன் என்றால் மூஞ்சிப் பக்கம். வீட்டுக்கு முன் என்றால் வாசல் பக்கம். ‘க’வுக்கு எது முன்? பிள்ளைக்கு எப்படித் தெரியும்? “இடக்கைப் பக்கம்” என்றே சொல்லுங்கள்.

ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதியது போலவே ஒரு தட்டில் ஆற்றுமணலை அரை விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். தட்டின் இடது ஓரத்தில் ஒரு பூவை வையுங்கள். எழுத்து எப்போதும் பூப் பக்கத்திலிருந்து புறப்படும். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக, ஒரு விரலால் எழுதட்டும். பிறகு கொம்பு, ககரம், அரவு மூன்றையும் தனித்தனி மட்டையில் எழுதிக் கொடுத்து, “கெ”, “கா”, “கொ” என்று நீங்கள் சொல்ல அவள் மட்டையை அடுக்கட்டும். “கொ” வரும்போது ககரம் நடுவில் நிற்பதைக் கையாலேயே கண்டுபிடிப்பாள். ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். பிழையான எழுத்தைத் திரும்பத் திரும்ப 50 தரம் எழுதவைத்தால், களைப்பில் பாதிக்குமேல் மறுபடியும் பிழையாகவே எழுதுவாள். அதுதான் கையில் ஊறும்.

*

கேள்வி: எங்கள் வளவுக்குப் பின்னால் பற்றைக்காடு. கொஞ்சம் தள்ளி மிதிவெடி அகற்றாத துண்டு ஒன்று இருக்கிறது. சிவப்புப் பலகை போட்டிருக்கிறார்கள். கட்டில்லாத கிணறும் ஒன்று. அதனால் 4 வயதும் 6 வயதுமான பேரப்பிள்ளைகளைப் படலைக்கு வெளியே விடுவதே இல்லை. பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகளாக வருவார்களோ என்று யோசனையாக இருக்கிறது.
– அம்மம்மா, புதுக்குடியிருப்புப் பக்கம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அதைக் குறைக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் “வெளியிலை போகாதை, பேய் பிடிக்கும்” என்ற ஒரே சொல்லில் காடு, கிணறு, றோட்டு, அடுத்த வீடு எல்லாவற்றையும் போட்டு மூடினால், உண்மையான ஆபத்து எது, சும்மா வெறும் நிலம் எது என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பேய் இல்லை என்று ஒரு நாள் கண்டுபிடிப்பான். அன்றைக்கே மிதிவெடியும் இல்லை என்று நினைப்பான்.

எல்லையைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். நம் பேச்சில் “அடி” என்ற ஒட்டு இருக்கிறது: வேம்படி, கிணத்தடி, படலையடி, கோயிலடி. இருவரையும் கையில் பிடித்து வளவைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று பெயரையும் விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வேம்படி வரை தனிய வரலாம். கிணத்தடிக்குப் பெரியாக்களோடைதான். கோடிப்புற வேலிப் பொட்டாலை யாரும் போறேல்லை.” ஒரு வாரம் தினமும் ஒரு சுற்று. அடுத்த வாரம் பிள்ளை முன்னால் நடந்து உங்களுக்குச் சொல்லட்டும். பொட்டை இன்றைக்கே கிளுவைத் தடி போட்டு அடையுங்கள். கிணற்றுக்குக் கட்டு எழும்பும்வரை பிள்ளை நுழைய முடியாத நெருக்கத்தில் சுற்றி வேலி வேண்டும். சொல் மட்டும் காணாது.

சிவப்புப் பலகையை எட்ட நின்று காட்டுங்கள்: மண்டையோட்டுப் படம், சிவப்புத் தடி, நாடா. பலகை இல்லாத இடமெல்லாம் பயமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. பலகை விழும், மாரி வெள்ளத்தில் வெடிபொருள் இடம் மாறும். தெரியாத இரும்பு, பிளாஸ்ரிக் எதையும் தொடாதே, எறியாதே, வந்து சொல். தப்பித்தவறிப் பலகைக்கு அங்கால் போய்விட்டது தெரிந்தால் ஓடாதே. அந்த இடத்திலேயே அசையாமல் நின்று கூப்பிடு. 6 வயதுப் பிள்ளையை முற்றத்தில் விளையாடவிட்டு, நீங்கள் “நில்!” என்றதும் கல்லுப் போல நிற்கப் பழக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதும். பொருள் எதையும் கண்டதாகச் சொன்னால், ஏசாமல் கேட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். ஒருமுறை ஏசினால் அடுத்தமுறை சொல்ல மாட்டான்.

உள்ளே இருக்கிற நேரத்தில் வளவை மணலில் கட்டலாம். சிரட்டை வீடு, மூடி கிணறு, ஈர்க்கு வேலி, வேப்பங்கொப்பு ஒன்று வேம்பு. மணல் வளவு உண்மையான வளவு கிடக்கிற திசையிலேயே கிடக்கவேண்டும். படலை வடக்கே என்றால் மணலிலும் வடக்கே. பிறகு அம்மம்மா உண்மையான வேம்படியில் ஒரு விளாம்பழத்தை ஒளித்துவிட்டு, மணல் வேம்படியில் ஒரு பொத்தானை வைத்து, “பொத்தான் இருக்கிற இடத்திலை பழம் இருக்கு” என்று சொல்லுங்கள். இரண்டரை வயதில் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் பிடிபடாது, 3 வயதில் பிடிபடும் என்று யூடி டிலோஷ் என்ற உளவியலாளர் 1987இல் ஓர் அறையையும் அதன் சின்ன மாதிரியையும் வைத்துக் காட்டினார். உங்கள் 4 வயதுப் பிள்ளை ஓடிப்போய் எடுப்பான். 6 வயதுப் பிள்ளைக்கு மணல் வளவைக் கால்வட்டம் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள். முதலில் பிழையான மரத்தடிக்குப் போவான். திரும்பி வந்து படலை எங்கே என்று மணலில் தேடுவான். அப்போது வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள்.